அரை ஏக்கர் காலத்துத் தூக்கம்

போன டிசம்பரில், நல்ல உறைபனி விழுந்த ஒரு காலையில், நீலகிரியின் கேத்தி பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியின் முழங்கால் வலிக்காக வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). 52 வயது. அரை ஏக்கர் கேரட்டில் தொடங்கியவர், இன்று குத்தகையும் சேர்த்து இருபது ஏக்கர், இரண்டு லாரி. வந்ததுதான் வந்தீர்கள், கையை நீட்டுங்கள் அண்ணா என்று பிரஷர் பார்த்தால் 180/110. அஞ்சு நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், 176/108.

“எனக்கா? தலைவலிகூட இல்லையே டாக்டர்.”

இருக்காதுதான். பிரஷர் பெரும்பாலும் சத்தமே போடாது.

ராத்திரி ஒரு மணிக்கு ஆட்களை ஜீப்பில் கொண்டுபோய் இறக்கி, டார்ச் வெளிச்சத்தில் கேரட் பிடுங்கி, கழுவி, விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு அனுப்பி, ஏலத்தில் விலை தெரியும்வரை போனோடு நிற்பார். தூக்கம் மூன்று மணி நேரம். “அரை ஏக்கர் வச்சிருந்தப்ப நல்லாத் தூங்குவாரு” என்றார் மனைவி.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூறின. இவர் அந்த 55-ஐப் புதன்கிழமையே தாண்டிவிடுவார்.

‘டென்ஷனைக் குறைங்க’ என்று சொல்லி அனுப்புவது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம், நானும் பல வருஷம் செய்திருக்கிறேன். அதனால் வேறு மாதிரி கேட்டேன்: லோடு ஏற்றும்போது நீங்கள் நிற்காவிட்டால் என்ன ஆகும்?

“ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் மனசு கேக்காது.”

மாத்திரை எழுதினேன், ஊறுகாயையும் கருவாட்டையும் குறைக்கச் சொன்னேன், வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கச் சொன்னேன். அளவு இறங்கியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, அது மாத்திரையால் இறங்கிய அளவு. வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. அது பக்கவாதமாக இருக்கலாம்; ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு, கோவைக்குப் போக நேர்ந்தால் வழியிலேயே அதில் பாதி போய்விடும்.

அன்று சாயங்காலம், இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் கையிலும் பட்டையைச் சுற்றினேன். 148/94. மெஷின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது.

மார்ச்சில் அவர் 138/86. வாரத்தில் நாலு ராத்திரி இப்போது மச்சான் நிற்கிறாராம். முதல் ராத்திரியே ரெண்டு மூட்டை குறைந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.