குடல் குழம்பைச் செரிக்கும் குடல்

ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு. ஆட்டின் குடலையும் இரைப்பையையும் மஞ்சள் போட்டு அலசி, குக்கரில் ஏழெட்டு விசில் விட்ட பிறகும் பல்லுக்குக் கொஞ்சம் இழுவையாகத்தான் இருக்கும். அதை நம் வயிறு சில மணி நேரத்தில் கூழாக்கிவிடுகிறது. இத்தனைக்கும் அந்த வயிறும் ஏறக்குறைய அதே மாதிரிச் சதைதான். அது ஏன் தன்னைத்தானே செரித்துக்கொள்வதில்லை?

முற்றல் கறியாக இருந்தால் பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைப்பார்கள். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெய்ன் ஒரு நொதி. புரதச் சங்கிலியை அங்கங்கே வெட்டும். ஒரு வெட்டு முடிந்ததும் தான் தீர்ந்துபோகாமல் அடுத்ததற்குப் போகும். அதனால் துளி இருந்தாலே போதும். நேரம் தெரியாமல் விட்டால் கறி குழைந்துவிடும்.

எச்சிலில் உள்ள அமிலேஸும் நொதிதான். வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கத் தொடங்குவது அதன் வேலை. அதனால் நமக்கு ஆபத்தில்லை. அது மாவுச்சத்தை மட்டும் வெட்டும், நாக்கு மாவுச்சத்தால் ஆனதல்ல. வில்லங்கமெல்லாம் புரதத்தை வெட்டும் நொதிகளால்தான். அவற்றைத் தயாரிக்கும் செல்லே பெருமளவு புரதம்.

எனவே உடம்பு இந்தக் கத்திகளை உறையோடுதான் செய்கிறது. இரைப்பைச் செல் சுரப்பது பெப்சினை அல்ல, பெப்சினோஜெனை. வெட்டும் இடத்தைத் தன் வாலாலேயே மூடிக்கொண்ட வடிவம் அது. வெளியே வந்து அமிலத்தில் விழுந்த பிறகே வால் அறுந்து பெப்சின் ஆகிறது.

கணையத்தில் கண்டிப்பு இன்னும் அதிகம். அது அனுப்பும் டிரிப்சினோஜெனின் நுனியில் 8 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று உண்டு. அதை நறுக்கும் நொதி கணையத்தில் கிடையாது. முன்சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. கத்தி ஒரு வீட்டில், உறையைக் கழற்றும் ஆள் அடுத்த வீட்டில்! உறை கழன்ற டிரிப்சின் மற்ற நொதிகளின் உறைகளையும் கழற்றத் தொடங்கிவிடும் என்பதால்தான் இத்தனை ஜாக்கிரதை. தப்பித்தவறி உள்ளேயே ஒன்று விழித்துக்கொண்டால் மடக்கிப் பிடிக்க, கணையம் ஒரு சிறு புரதத்தையும் காவலுக்கு வைத்திருக்கிறது.

பித்தக்கல் வழியை அடைத்தாலோ, குடி மிஞ்சினாலோ இந்தக் காவல் உடையலாம். கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். மேல்வயிற்றில் கிளம்பி முதுகு வரை பாயும் அந்த வலிக்கு மருத்துவர்கள் ரத்தத்தில் அமிலேஸ், லைப்பேஸ் அளவைப் பார்க்கச் சொல்வார்கள். குடலுக்குப் போக வேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசிந்திருக்கும்.

இரைப்பையில் உறை கழன்ற பெப்சினிடமிருந்து சுவரைக் காப்பது கோழைப் படலம். அடியில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட். மேல் செல்களும் சில நாட்களுக்கொரு முறை புதிதாகின்றன. வலி மாத்திரைகளில் பல இந்தப் படலத்தை மெலியவைப்பவை.

இதெல்லாம் உயிர் இருக்கும்வரைதான். 1772இல் ஜான் ஹன்டர் என்ற லண்டன் அறுவை மருத்துவர் ஓர் உடலைப் பற்றி எழுதினார். குளிர்ந்த இறைச்சி, சீஸ், ரொட்டி, பீர் என்று வயிறாரச் சாப்பிட்ட கையோடு, தலையில் விழுந்த ஒரே அடியில் இறந்துபோன ஆள். நோய்நொடி எதுவும் இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்தால் இரைப்பையின் ஒரு பக்கம் கரைந்து, உண்டதில் ஒரு பங்கு வெளியே கொட்டிக் கிடந்தது.