கண்டிஷனர்: சொல்லு எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்

போன ஞாயித்துக்கிழமை எங்க அக்கா பொண்ணு தலைக்கு குளிச்சிட்டு வந்து துவட்டிக்கிட்டே "சித்தி, கண்டிஷனருக்கு தமிழ்ல என்ன சித்தி"ன்னு கேட்டா, ஷாம்புக்கு அப்புறம் முடிக்கு போடுறோமே, அந்த க்ரீம்தான். ஸ்கூல்ல தமிழ் மிஸ் வீட்ல இருக்கிற பத்து பொருளுக்கு தமிழ்ப் பேரு எழுதிட்டு வர சொல்லிருக்காங்களாம், ஃபேனுக்கு மின்விசிறி, ஃப்ரிட்ஜுக்கு குளிர்சாதனப் பெட்டி, சோப்புக்கு சவர்க்காரம்னு ஒன்பது எழுதிட்டா, பத்தாவதுல வந்து நின்னுட்டா. எனக்கு சட்டுனு வாய்ல வரல. கூடவே இன்னொண்ணு சொன்னா, "அதை போட்டா தலை பிசுபிசுன்னு ஆயிடுது, நுனி மட்டும் அப்படியே பரட்டையா நிக்குது"ன்னு. எங்க போடுறேன்னு கேட்டா, ஷாம்பு மாதிரியே உச்சந்தலையில ஊத்தி நல்லா தேய்க்கிறாளாம். பாட்டில்ல எழுதிருக்கிற பேரு அவளுக்கு எதையுமே சொல்லல, அதான் விஷயம். பேரு புரியாததால பொருளும் புரியல. அதனாலதான் இந்த சொல்லை கொஞ்சம் தோண்டி பாக்கணும்னு உக்காந்தேன்.

கண்டிஷன்ங்கிற சொல்லு நமக்கு புதுசு இல்ல. "வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்குங்க"ன்னு புரோக்கர் சொல்றது ஒரு கண்டிஷன், "ஆயிரம் கண்டிஷன் போடுறாங்க மாப்பிள்ளை வீட்ல"ங்கிறது இன்னொரு கண்டிஷன். முதல்ல வர்றது நிலைமை, ரெண்டாவது நிபந்தனை. ரெண்டும் ஒரே சொல்லுல எப்படி வந்துச்சுன்னா, மூலம் லத்தீன்ல இருக்கிற கொண்டிகியோ. 'கொன்'னா கூட, 'டிகெரே'ன்னா சொல்றது. ரெண்டு பேரும் கூடி பேசி முடிவு பண்ணிக்கிட்டதுதான் அதோட பழைய அர்த்தம், அதுலேர்ந்து நிபந்தனை வந்துச்சு, அப்புறம் எந்த நிலைமையில ஒண்ணு இருக்குங்கிற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு, அதையும் தாண்டி, ஒரு பொருளை நமக்கு வேண்டிய நிலைக்கு கொண்டு வர்ற வேலைக்கே கண்டிஷனிங்னு பேரு ஆச்சு. நம்ம பாட்டில்ல இருக்கிறது இந்த கடைசி அர்த்தம்தான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. இந்த கடைசி அர்த்தம் தலைமுடிக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நூலுக்கும் பட்டுக்கும் வந்துடுச்சு. பட்டு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், எடை கூடும், அதனால வியாபாரத்துல சண்டை வரும். அதுக்காகவே பிரான்ஸ்ல லியோன் நகரத்துல 1805ல பட்டோட ஈரத்தை பாத்து எடை போட்டு சொல்ற இடம் ஒண்ணு அரசாங்கமே வச்சாங்க, அதுக்கு பேரே கண்டிஷன்தான். ஏசி, அதாவது ஏர் கண்டிஷனிங்ங்கிற பேரும் பஞ்சாலைல பிறந்ததுதான், அமெரிக்காவுல ஸ்டூவர்ட் கிரேமர்ங்கிறவர் 1906ல மில்லுக்குள்ள காத்துக்கு ஈரம் ஏத்துறதுக்காக வச்ச பேரு அது. குளிரா இருக்கணும்னு இல்ல, நூல் அறுந்து போகாம இருக்கணும், அதான் அவருக்கு கவலை.

கோயம்புத்தூர் பக்கம் மில்லு வேலை பாத்தவங்க வீட்ல இருந்தா இது உடனே புரியும். எங்க பெரியப்பா ஸ்பின்னிங் மில்லுல இருந்தவரு, கோன்ல சுத்தின நூலை பேக்கிங்க்கு அனுப்புறதுக்கு முன்னாடி கண்டிஷனிங் போடுவோம்னு சொல்லுவாரு. மெஷின்ல ஓடி ஓடி சூட்டுல நூல் காஞ்சு போயிருக்கும், அப்படியே விட்டா முறுக்கிக்கும், சிக்கிக்கும், தறியில ஓட்டினா பட்டு பட்டுன்னு அறும். ஆவி ஏத்தி ஈரத்தை திருப்பி குடுத்தா அடங்கிடும். பருத்தி நூலுக்கு இவ்வளவு ஈரம் இருக்கணும்னு கணக்கே இருக்கு, காஞ்ச எடைக்கு 8.5 சதவீதம். இப்ப நூல்ங்கிற இடத்துல முடின்னு போட்டு படிச்சு பாருங்க. காஞ்சிருக்கு, முறுக்கிக்குது, சிக்கு விழுது, சீப்பு போட்டா அறுது. அதே வியாதிதான், அதே வேலைதான்.

ஆனா முடிக்கு போடுற கண்டிஷனர் வெறும் ஈரம் குடுக்கிறது இல்ல. ஒரு முடியை பெரிசாக்கி பாத்தா மேல்பக்கம் ஓட்டு வீட்டு கூரை மாதிரி செதில் செதிலா, ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும், வேர்லேர்ந்து நுனி பக்கமா சரிஞ்சிருக்கும். வெயிலு, ஷாம்பு, டை, ஸ்ட்ரெய்ட்னிங், அழுத்தி அழுத்தி சீவுறது எல்லாம் சேந்து அந்த செதிலை தூக்கி விட்ரும், உடைச்சும் விடும். அடிபட்ட இடத்துல நெகட்டிவ் மின்னூட்டம் ஜாஸ்தியா இருக்கும். கண்டிஷனர்ல இருக்கிற முக்கியமான சாமானுக்கு பாசிட்டிவ் மின்னூட்டம். பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடுன்னு இருக்கும் பாருங்க, அதுங்கதான். முடியோட நெகட்டிவும் இதோட பாசிட்டிவும் ஒண்ணை ஒண்ணு இழுத்து ஒட்டிக்கும், எங்க அடி ஜாஸ்தியோ அங்க ஜாஸ்தியா ஒட்டும், தண்ணி ஊத்தினாலும் ஒரு மெல்லிசு படலம் நின்னுடும். துணிக்கு கடைசியா போடுற சாஃப்ட்னர்லயும் இதே குடும்பத்து சாமான்தான் வேலை செய்யுது. அதே லிஸ்ட்ல செட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால்னு பாத்துட்டு நிறைய பேர் பயந்து பாட்டிலை கீழ வச்சிடுறாங்க, பயப்பட வேண்டாம், அது ஸ்பிரிட் மாதிரி காய வைக்கிற ஆல்கஹால் இல்ல, மெழுகு மாதிரி கொழுப்பு வகை, அந்த க்ரீம் பதமே அதனாலதான் வருது.

பாத்தீங்களா, எழுதுற வேகத்துல பதம்னு தானா வந்துடுச்சு. நான் தேடின சொல்லு இதுதான்.

இப்ப புழக்கத்துல இருக்கிற தமிழ்ப் பேரையெல்லாம் பாப்போம். கூந்தல் மென்மையாக்கின்னு சிலர் எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா மென்மை ஒரு பங்குதான், சிக்கு எடுக்கிறது, அடங்க வைக்கிறது, அறாம காப்பாத்துறது எல்லாம் அதுல வரல. சீராக்கின்னா ஸ்ட்ரெய்ட்னிங்னு நினைச்சுக்குவாங்க, சுருட்டை முடிக்காரங்க ஓடியே போயிடுவாங்க. பதப்படுத்தின்னு சொன்னா எனக்கு ஆம்பூர், வாணியம்பாடி தோல் பட்டறைதான் ஞாபகத்துக்கு வருது, இல்லாட்டி டப்பாவுல அடைச்ச சாப்பாடு. பதனின்னும் ஒரு சொல்லு வச்சு பாக்கலாம், ஆனா தூத்துக்குடி பக்கம் போய் பதனின்னு சொன்னா பனைமரத்துலேர்ந்து இறக்கின பதநீரைத்தான் சொம்புல ஊத்தி குடுப்பாங்க.

பதம்ங்கிற வேர் சரி, அதுல சந்தேகமே இல்ல. பாகு பதம் வந்துச்சான்னு பாக்குறோம், மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு மண்ணு உழவுக்கு பதமா இருக்குன்னு சொல்றோம், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். எதுக்கு எது வேணுமோ அந்த அளவு ஈரமும் இளக்கமும் இருக்கிறதுதான் பதம், அதிரசப் பாகுக்கு ஒரு பதம், கடலை மிட்டாய்க்கு வேற பதம். இதுக்கு 'ஊட்டி' சேத்துக்கலாம், நிறமூட்டி, சுவையூட்டி, குளிரூட்டி மாதிரி. கூந்தல் பதமூட்டி. இந்த 'ஊட்டி'யை தலைமுடிக்கு நானா கொண்டு வந்து ஒட்டல. சிலப்பதிகாரத்துல கடலாடு காதையில மாதவி குளிக்கிற இடம் ஒண்ணு வருது. பத்து வகை துவர் (துவர்ப்புச் சரக்கு), அஞ்சு வகை விரை (வாசனைப் பொருள்), முப்பத்திரண்டு வகை ஓமாலிகை (வாசனை மூலிகைச் சரக்கு), இத்தனையும் ஊறின தண்ணியில "நாறிருங் கூந்தல் நலம்பெற ஆட்டி", அப்புறம் அகில் புகையில காய வச்சு, வகை வகையா பிரிச்சு "மான்மதக் கொழுஞ்சேறு ஊட்டி"ன்னு இளங்கோ எழுதுறாரு. கஸ்தூரிக் குழம்பை முடிக்கு தடவி அப்படின்னு எழுதல, ஊட்டின்னு எழுதிருக்காரு. அந்த நலம்பெறங்கிற சொல்லையும் கவனிங்க, முடியை நல்ல நிலைக்கு கொண்டு வர்றதுதானே கண்டிஷனிங்.

பேரு இல்லாமலே நம்ம வீடுகள்ல இந்த வேலை நடந்துட்டுதான் இருந்துச்சு. எங்க அம்மாயி அரப்பை, அதான் தலைக்கு தேய்க்கிற இலைப்பொடியை, தண்ணியில கரைச்சு நான் பாத்ததே இல்ல, சோறு வடிச்ச கஞ்சியிலதான் கரைப்பாங்க. ஏன்னு கேட்டா "அப்பத்தான் கண்ணு சிக்கு விழாது"ம்பாங்க. அரப்பு எண்ணெய் எடுக்கும், கஞ்சி வழவழப்பு குடுக்கும், ரெண்டு பாட்டில் வேலை ஒரே சட்டியில. செம்பருத்தி இலையை கசக்கினா வர்ற கொழகொழப்பு, ஊற வச்ச வெந்தயத்தை அரைச்சா வர்றது எல்லாம் இதே இனம்தான். தேங்கா எண்ணெய் கொஞ்சம் வேற, அது முடிக்குள்ளயே இறங்கக்கூடியது, குளிக்கிறதுக்கு முன்னாடி வச்சா முடியோட புரதம் கழுவிட்டு போறது குறையும், அதை கண்டிஷனருக்கு பதிலா பாக்காம துணையா பாக்கணும்.

சரி, பதமூட்டின்னு பேரு வச்சாச்சு, அந்த பேரே எப்படி தேர்ந்தெடுக்கணும்னு சொல்லிடுது. உங்க முடிக்கு என்ன பதம் குறையுதுன்னுதான் பாக்கணும், விளம்பரத்துல வர்ற பொண்ணோட முடிக்கு இல்ல. முடி வகைக்கு நம்மகிட்ட நல்ல சொல்லுங்க இருக்கு. கோரைப்புல்லு மாதிரி நேரா விழுறது கோரைமுடி. இதுல தலையில சுரக்கிற எண்ணெய் தங்கு தடை இல்லாம நுனி வரைக்கும் இறங்கிடும், அதனால கெட்டியான, வெண்ணெய், எண்ணெய் நிறைய போட்ட சரக்கு வேண்டாம், படுத்துக்கும். தண்ணியா, லேசா இருக்கிறதா வாங்கி நுனிக்கு மட்டும் போட்டா போதும், அதுவும் பாரமா தெரிஞ்சா முதல்ல கண்டிஷனர் போட்டு அப்புறம் ஷாம்பு போட்டு பாருங்க, நல்லாவே இருக்கும்.

சுருட்டை முடிக்கு கதை தலைகீழ். ஒவ்வொரு வளைவுலயும் எண்ணெய் நின்னுடும், நுனிக்கு வந்து சேராது, வளையிற இடத்துலதான் அந்த செதிலும் முதல்ல தூக்கிக்கும். சுருட்டை முடிக்காரங்க கஞ்சத்தனம் பண்ணவே கூடாது, கெட்டியானதா தாராளமா போடணும். எங்க அக்கா பொண்ணுக்கு சுருட்டைதான். அன்னிக்கு சாயங்காலம் அவளை உக்கார வச்சு நானே போட்டு விட்டேன். ஈர முடியில தண்ணியை புழிஞ்சு எடுத்துட்டு, நாலா பிரிச்சு, காதுக்கு கீழேர்ந்து நுனி வரைக்கும் தடவி, விரலை விட்டா முதல்ல நடுவுல ஒரு முடிச்சுல தட்டி நின்னுச்சு. இழுக்கல. அந்த இடத்துக்கே இன்னும் கொஞ்சம் வச்சு ரெண்டு நிமிஷம் விட்டு, நுனியிலேர்ந்து மேல மேலன்னு பெரிய பல்லு சீப்பால எடுத்துட்டு வந்தேன், முடிச்சு வழுக்கிட்டு தானா அவிழ்ந்துச்சு. வழக்கமா சிக்கெடுக்கும்போது தோளை தூக்கிட்டு கண்ணை மூடிக்குவா, அன்னிக்கு போன் பாத்துட்டு உக்காந்திருந்தா. சுருட்டை முடியை காஞ்சப்புறம் சீவுற பழக்கத்தை மட்டும் விட்டாலே உதிர்வு, அதாவது அறுந்து விழுறது, குறையும்.

டை அடிச்சது, ஸ்மூத்னிங் பண்ணது, வெயில்ல வெளுத்து செம்பட்டையானது எல்லாம் அடிபட்ட முடி, இதுக்கு கண்டிஷனர் ஒவ்வொரு குளியலுக்கும் வேணும், வாரம் ஒரு தடவை மாஸ்க்னு விக்கிற கெட்டி வகையும் போடலாம். நரைமுடி முரட்டுத்தனமா கம்பி மாதிரி நிக்கும், அதுக்கும் இதே மாதிரி. முடியை ஒட்ட வெட்டிருக்கிற ஆம்பளைங்களுக்கு பெரும்பாலும் தேவையே இல்ல, ஏன்னா முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும், அவங்க நுனிக்கே வயசு மூணு நாலு மாசம்தான். இடுப்பு வரைக்கும் 60 சென்டிமீட்டர் இருக்கிற பொண்ணோட நுனிக்கு நாலு வருஷம் வயசு. நாலு வருஷ வெயிலு, நாலு வருஷ போர்வெல் உப்புத்தண்ணி. அதனாலதான் நுனிக்கு போடுங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன், வேர்ல புதுசா வர்ற முடிக்கு ஏற்கனவே பதம் இருக்கு, அங்க போட்டா பிசுபிசுப்புதான் மிச்சம்.

கழுவுறதும் முக்கியம், வழவழப்பு முழுசா போற வரைக்கும் ஊத்திட்டே இருக்க வேண்டாம், முடி வழுக்கணும் ஆனா கையில க்ரீம் ஒட்டக்கூடாது, அதுதான் நிறுத்துற பதம். பாட்டில்ல 'லீவ்-இன்'னு போட்டிருந்தா மட்டும் கழுவாம விடலாம், அது லேசான வேற சரக்கு. ஒரு பார்லர்ல எங்கிட்ட கண்டிஷனர் போட்டா முடி வளரும், பிளந்த நுனி ஒட்டிக்கும்னு சொல்லி பெரிய பாட்டில் ஒண்ணை தலையில கட்டினாங்க, ரெண்டும் நடக்காது. வெளிய இருக்கிற முடி உயிரில்லாத நார், அதுக்கு பதம் குடுக்கலாம், உயிர் குடுக்க முடியாது. பிளந்த நுனியை வெட்டித்தான் ஆகணும். பொடுகு, தலை அரிப்புக்கும் இது மருந்து இல்ல, அதுக்கு தோல் டாக்டரை பாக்கணும்.

அக்கா பொண்ணு நோட்டுல பத்தாவதா கூந்தல் பதமூட்டின்னு எழுதிட்டு போனா. மிஸ் டிக் போட்டாங்களாம், ஓரத்துல "எங்கே கிடைத்தது?"ன்னும் எழுதிருக்காங்க. பாத்ரூம்ல இருக்கிற பாட்டில்ல இப்ப ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிருக்கா, மார்க்கர்ல பதமூட்டின்னு பெரிசா, கீழ சின்ன எழுத்துல "காதுக்கு கீழ மட்டும்"னு.