நூற்புழு: சொல் விளக்கம்

நூல் + புழு = நூற்புழு. செடியின் வேரைத் தாக்கும், நூல் போன்ற நுண்ணிய புழுவைத்தான் இங்கே சொல்கிறேன். 'நூல்புழு' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் நூற்பாவை (சூத்திரத்தை) யாரும் நூல்பா என்று எழுதுவதில்லை. இங்கும் அதே புணர்ச்சிதான்.

ஆங்கிலத்தில் இதை நெமட்டோடு என்கிறார்கள். கிரேக்கத்தில் 'நேமா' என்றால் நூல், அதாவது நூற்கப்பட்டது. நூற்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. நம்முடைய நூலுக்கும் நூற்றலுக்கும் உள்ள உறவு அங்கேயும் இருக்கிறது. அதனால் நூற்புழு என்பது வெறும் மொழிபெயர்ப்பாக நிற்காமல் இயல்பாகவே பொருந்திவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் என்று ஒரு துறையே இருக்கிறது.

ஆங்கிலேயர் முன்பு இதை 'ஈல்வார்ம்' என்றார்கள், விலாங்கு போல நெளிவதால். 1901-இல் நீலகிரி தேவாலாவில் தேயிலை வேரில் இந்தப் புழுவைக் கண்டு எழுதிய பார்பரும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். வேரை முடிச்சு முடிச்சாகப் புடைக்கவைக்கும் வேர்முடிச்சு நூற்புழு பற்றி இந்தியாவில் வந்த முதல் பதிவு அது. கோவையில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த அதே பார்பர்தான் இவர்.

சரி, இந்தச் சொல்லை ஏன் இவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்? சேலம், ஆத்தூர் பக்கம் மருந்துக்கூர்க்கன் என்ற மூலிகைச் செடியைப் பயிரிடுகிறார்கள். அதன் வேர்க்கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. அந்தச் செடியின் பெரிய பகை வேர்முடிச்சு நூற்புழு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சுப்புழு வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் தங்கிவிடும். அது உறிஞ்சும் இடத்தில் வேரின் செல்கள் பெருத்துப் புடைக்கும். பெண் புழு நூல் வடிவத்தை விட்டுப் பேரிக்காய் போல உப்பி, பசை போன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். புழு போட்ட ஓட்டை வழியாக அழுகல் பூஞ்சை உள்ளே போக, செடி மளமளவென்று சாயும். இதைப் 'பூச்சி' என்று சொல்லிக் கடையில் கேட்டால் பூச்சிமருந்துதான் கிடைக்கும். நூற்புழு பூச்சியே அல்ல. அதைவிட, இந்தச் செடியில் வேர்தான் மருந்து. வேரில் நஞ்சை ஊற்றி, அந்த வேரையே மருந்துக்கு அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

அதனால்தான் மண்ணின் நுண்ணுயிர்களை நாட வேண்டியிருக்கிறது. ஊதா நிறப் பூஞ்சை ஒன்று புழுவின் முட்டைக்குள் புகுந்து அதைத் தின்கிறது. 1979-இல் பெரு நாட்டில் வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகளில் இதைக் கண்டார்கள். கடையில் இன்னும் பேசிலோமைசிஸ் என்றே விற்கிறது. 2011-இல் அறிவியலார் அதன் நிறத்தை வைத்தே பர்ப்பியூரியோசிலியம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். முட்டைத்தின்னிப் பூஞ்சை என்றால் நமக்குப் போதும். அது செய்கிற வேலை பெயரிலேயே இருக்கிறது.

சூடோமோனாஸ் பாக்டீரியா வேறு வழியில் உதவுகிறது. வேரின் மேல் குடியேறி, செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகிறது. எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து இடுவது வழக்கம். அழுகல் பூஞ்சையைப் பார்த்துக்கொள்ள டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து 'உயிர்க்கொல்லி' என்று சிலர் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. உயிரைக் கொல்வது என்றல்லவா பொருள் வருகிறது? 'எதிர் நுண்ணுயிர்' என்பதே சரி.

இன்னொரு குழப்பம் 'முடிச்சு' என்ற சொல்லில் இருக்கிறது. நிலக்கடலை போன்ற பயறு வகைச் செடிகளின் வேரில், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா கட்டும் நல்ல புடைப்பையும் வேர்முடிச்சு என்கிறோம், புழு கட்டுவதையும் அப்படியே சொல்கிறோம். நல்லதை 'வேர்முண்டு' என்று பிரித்துச் சொல்லலாம். அந்தச் சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதுதான். முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நன்றாக வேலை செய்யும் முண்டை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முடிச்சு அப்படி உதிராது, ஏனென்றால் அங்கே வீங்கியிருப்பது வேரேதான். கூர்க்கன் பயறு வகை அல்ல, துளசிக் குடும்பம். அதன் சல்லி வேரில் மணி மணியாகப் புடைப்பு தெரிந்தால், முண்டோ என்று யோசிக்க வேண்டியதில்லை.