ஒரு கரும்புள்ளியாவது இருக்க வேண்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: பிரிட்டனில் அரிய பன்றி இனங்களுக்கு வம்சப் பதிவேடு வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு இனத்துக்கு மட்டும் உடம்பில் ஒரு கரும்புள்ளியாவது வேண்டும் என்று விதி இருக்கிறதாம், தாயும் தகப்பனும் சுத்த இனமாக இருக்கும்போது புள்ளி எதற்கு?

அந்த இனத்தின் பெயர் குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ். வெள்ளை உடம்பு, கண்ணை மறைத்து முன்னால் தொங்கும் காது, அங்கங்கே கறுப்புப் புள்ளி. 1913இல் இதற்கென்று வளர்ப்போர் சங்கம் தொடங்கினார்கள்.

பதிவு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய், தகப்பன் இரண்டும் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்க வேண்டும். குட்டிகள் பிறந்ததும் அந்த ஈற்றைப் பற்றித் தகவல் கொடுத்து, காதில் அடையாளம் போட்டுவிடுவார்கள். அப்புறம் வளர்ந்த பிறகு, இனப்பெருக்கத்துக்குத் தேறுகிறவற்றை மட்டும் தனித்தனியாகப் பதிவார்கள். இனத்தகுதி விதிகளுக்கு வேலை வருவது இங்கேதான். காது மூக்கைவிட நீளமாக இருக்கக்கூடாது, குறைந்தது 14 காம்புகள் வேண்டும், ஒரு புள்ளியாவது வேண்டும். காம்புக் கணக்கில் எனக்கு முழு உடன்பாடு, ஏனென்றால் ஒவ்வொரு பன்றிக்குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே குடிக்கும், காம்பு குறைந்தால் ஏதோ ஒரு குட்டி பட்டினி.

பெயர் வைப்பதிலும் ஓர் அழகு உண்டு. ஆண் குட்டிக்குத் தகப்பன் வழிப் பெயர், பெண் குட்டிக்குத் தாய் வழிப் பெயர். கெரால்டின் மகன் கெரால்ட், பிரின்சஸின் மகள் பிரின்சஸ். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று கொஞ்சம் டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக வருகிறது. டி.என்.ஏ. என்றால் என்னவென்று தெரியாத காலத்திலிருந்தே பதிவேட்டின் பெயர்கள் இந்த இரண்டு வழிகளையும் தொடர்ந்துகொண்டு வருகின்றன!

சரி, புள்ளிக்கு வருவோம். பழத்தோட்டத்தில் மேயும்போது ஆப்பிள் விழுந்து கன்றிப்போன தழும்புதான் அது என்று அங்கே ஒரு கதை உண்டு. உண்மை அதைவிடச் சுவையானது. எம்சி1ஆர் என்று ஒரு மரபணு, மனிதர்களில் செம்பட்டை முடிக்குக் காரணமான அதே மரபணு, நிறச் செல்லுக்குக் கறுப்பு நிறமி செய்யச் சொல்லி உத்தரவு வாங்கித் தரும் புரதத்தை உண்டாக்குகிறது. இந்தப் பன்றிகளில் அந்த மரபணுவுக்குள், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான 'சி' வரிசையாக வரும் ஓர் இடத்தில், இரண்டு 'சி' கூடுதலாக நுழைந்திருக்கிறது. டி.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் வாசிக்கும். 'மரம் படம் வரம்' என்பதில் முதல் எழுத்துக்குப் பின் இரண்டு 'க' நுழைத்து மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: 'மகக ரம்ப டம்வ'. அதற்குப் பிறகு எல்லாமே உளறல். புரதம் உருவாகாது, கறுப்பும் வராது.

ஆனால் ஒரே எழுத்து வரிசையாக வரும் இடம் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது வழுக்கும் இடமும்கூட. கூடுதலாக இரண்டு எழுத்து நுழைந்தது போலவே, கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அதே இரண்டு எழுத்து உதிர்ந்தும் போகலாம். அந்த ஒரு செல்லில் வாசிப்பு சரியாகிவிடுகிறது, கறுப்பு உத்தரவு திரும்பவும் கிடைக்கிறது, அதன் வாரிசுச் செல்கள் எல்லாம் தோலில் பரவிக் கறுப்பு நிறமி செய்கின்றன. அதுதான் ஒரு புள்ளி. திருத்தம் சீக்கிரமே நடந்தால் வாரிசுகள் அதிகம், புள்ளியும் பெரிது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு புள்ளியுள்ள தோலிலேயே திருந்திய மரபணுவைக் காட்டியது. பெர்க்‌ஷயர் இனத்திலும் இதே மரபணு வடிவம்தான், ஆனால் அங்கே கறுப்பு கிட்டத்தட்ட உடம்பு முழுக்கப் பரவி, காலிலும் முகத்திலும் வால் நுனியிலும்தான் வெள்ளை மிஞ்சுகிறது. 'இதனால் என்ன லாபம்' என்ற கேள்வியை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கினால் இப்படிப்பட்ட ஆய்வுகள் நடக்கவே நடக்காது, அதனால்தான் அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதியை வெட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது வாசகரின் கேள்வி. புள்ளியே இல்லாமல் பிறந்த குட்டியிடமும் அதே மரபணுதான் இருக்கிறது, வழுக்கல் அதற்கு நேரவில்லை, அவ்வளவே. அப்படியானால் இந்த விதி வடிகட்டுவதில் பெரும்பகுதி தற்செயல்தான். எண்ணிக்கை நிறைய இருக்கும் இனத்தில் பரவாயில்லை. ஆனால் 100 பெண் பன்றிக்கு 5 ஆண் என்று ஒரு கூட்டம் இருந்தால், குட்டிகளின் மரபணுவில் பாதி அந்த ஐந்து ஆண்களிடமிருந்தே வருவதால், மரபியல் கணக்கில் அது வெறும் 19 பன்றிகளுக்குச் சமம், தலைமுறைக்கு 2.6 சதவீதம் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடுவது, ஏறிக்கொண்டே போகும். லிங்கன்ஷயர் கர்லி கோட் என்ற சுருட்டை முடிப் பன்றி 1970களின் தொடக்கத்தில் அழிந்தேபோனது. எண்ணிக்கை சுருங்கிய இனங்களில், நல்ல காம்பும் நல்ல காலும் உள்ள ஒரு பெண் பன்றியை, அதுவும் அருகிவரும் தாய் வழியைச் சேர்ந்ததை, புள்ளி இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கக்கூடாது என்பது என் கருத்து. குட்டிகளுக்குப் புள்ளி வந்தால் அவற்றைப் பதிந்துகொள்ளலாம், தாயின் மரபணுக்களும் கையை விட்டுப் போகாது.