ஒரு மெய்யெழுத்தும் 556 வாக்குகளும்

2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் கூடிய தாவரவியலாளர்கள் ஒரு மெய்யெழுத்தை நீக்குவதற்கு வாக்களித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள், பூஞ்சைகள், பாசிகளின் அறிவியல் பெயர்களில் ‘காஃப்ரா’ என்றோ அதன் சாயலிலோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லின் வேர் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசை. அதையே ‘ஆஃப்ரா’ என்று மாற்றிவிட்டால் ஆப்பிரிக்காவைக் குறிக்கும் பெயராகிவிடும். ‘கா’விலிருந்து ‘க்’கை எடுத்தால் ‘ஆ’ மிஞ்சுகிறது. லத்தீன் எழுத்திலும் நடந்தது அவ்வளவுதான். ரகசிய வாக்கெடுப்பில் ஆதரவு 351, எதிர்ப்பு 205. விதியைத் திருத்த 60 சதவீதம் வேண்டும், கிடைத்தது 63. ஆதரவு வாக்குகளில் பதினெட்டு மறுபக்கம் சாய்ந்திருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். கல்யாணமுருங்கையின் ஆப்பிரிக்க உறவான எரித்ரினா காஃப்ரா இப்படித்தான் எரித்ரினா ஆஃப்ரா ஆனது.

அறிவியலில் வாக்கெடுப்புக்கு என்ன வேலை? நீர் எத்தனை டிகிரியில் கொதிக்க வேண்டும் என்று யாரும் கை தூக்கித் தீர்மானிப்பதில்லை. தாவரவியல் மாநாடுகளின் கதையைப் படிக்கப் படிக்க எனக்குச் சுவையாகத் தோன்றுவது இந்தக் கேள்விதான். அங்கே எதை வாக்கெடுப்பில் முடிவு செய்யலாம், எதைச் செய்யவே முடியாது என்பதை நூறு ஆண்டுகளாக அடிபட்டுக் கற்றிருக்கிறார்கள்.

பெயர் என்பது இயற்கையில் இருப்பதல்ல, மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைமையில் 2021இல் வெளியான உலகப் பட்டியலில் வாஸ்குலார் தாவரங்களுக்கு, அதாவது மாஸ் போன்ற எளிய சிறு தாவரங்கள் நீங்கலான நிலத் தாவரங்களுக்கு, 13,83,297 பெயர்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஏற்கப்பட்ட இனங்கள் 3,42,953 மட்டுமே. சராசரியாக ஓர் இனத்துக்கு நான்கு பெயர். ஒரே செடியை ஒருவர் மலையடிவாரத்தில் பறித்து ஒரு பெயர் வைத்திருப்பார். அதையே வேறொருவர் வேறு நாட்டில், உயரம் குறைந்து இலை சிறுத்து நின்ற கோலத்தில் பார்த்துப் புதிது என்று நினைத்து இன்னொரு பெயர் வைத்திருப்பார்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க இரண்டு விதிகள். ஒன்று, முந்தியவருக்கே உரிமை: ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் நூல் வெளியான ஆண்டைத் தொடக்கமாக வைத்து, 1753 மே 1 முதல் முறைப்படி வெளியானவற்றில் முந்திய பெயரே நிற்கும். மற்றொன்று, ஒவ்வொரு பெயரும் ஒரு வகைமாதிரியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். வகைமாதிரி என்பது பெரும்பாலும் உலர்த்தித் தாளில் ஒட்டி, ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் வைத்திருக்கும் ஒரு செடி. பின்னால் அந்த இனத்தை இரண்டாகப் பிரித்தால், பழைய பெயர் எந்தப் பாதிக்குப் போகும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

1867இல் பாரிஸில் கூடியபோது அல்போன்ஸ் து காந்தோல் எழுதிய விதிகளை ஏற்றார்கள். அமெரிக்கர்கள் 1892இல் ராச்செஸ்டரில் தங்களுக்கென்று தனி விதிகளை வகுத்துக்கொண்டு விலகினார்கள். 1905 வியன்னா மாநாடும் அவர்களைச் சேர்க்கவில்லை. 1930இல் கேம்பிரிட்ஜில்தான் இரு தரப்பும் சமாதானமாயின. அதன்பின் விதிகள் மாநாட்டுக்கு மாநாடு திருத்தப்பட்டு வருகின்றன. புதிய இனத்தின் விவரிப்பை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் 2012 ஜனவரி 1 வரை நீடித்தது என்றால் இன்று நம்பக் கடினம்.

திருத்தம் நடக்கும் விதம் ஒரு சிறிய நாடாளுமன்றத்தை நினைவூட்டும். மாநாட்டுக்கு முந்தைய வாரம் பெயரிடல் பிரிவு தனியாகக் கூடும். முன்மொழிவுகள் அதற்கு முன்பே ஒரு பருவ இதழில் அச்சாகியிருக்கும். ஒரு முன்னோட்ட வாக்கெடுப்பும் நடந்திருக்கும். அதில் 75 சதவீதம் எதிர்ப்பைச் சந்தித்த முன்மொழிவு பெரும்பாலும் விவாதத்துக்கே வராது. நேரில் வந்தவருக்குத் தலைக்கு ஒரு வாக்கு. அதோடு ஹெர்பேரியம் உள்ள நிறுவனங்களுக்கு ஒன்று முதல் ஏழு வாக்குகள். வர முடியாத நிறுவனம் தன் வாக்கை வேறொருவரிடம் கொடுத்தனுப்பலாம். ஆனால் தன்னுடையதையும் சேர்த்து ஒருவர் 15 வாக்குகளுக்கு மேல் சுமக்கக் கூடாது. பழைய பெரிய சேகரிப்புகள் எங்கே இருக்கின்றன, விமான டிக்கெட் யாருக்குக் கட்டுப்படியாகும் என்று யோசித்தால், இந்த ஏற்பாட்டில் எடை எந்தப் பக்கம் சாயும் என்பது விளங்கும்.

அந்தச் சாய்வு குறித்த மனக்கசப்பு வெளியே கொட்டியது அகேசியா விவகாரத்தில். அகேசியா என்ற பேரினத்தின் வகைமாதிரி கருவேலம். பேரினத்தைப் பிரித்தே ஆகவேண்டும் என்று சான்றுகள் சொன்னபோது, விதிப்படி பெயர் கருவேலத்தின் பக்கம் நின்றிருக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் பெயர் மாற வேண்டும். ஆகவே வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனமாக மாற்றிவிடலாம் என்று குழு பரிந்துரைத்தது. 2005இல் வியன்னாவில் அதை எதிர்த்தவர்கள் 54.9 சதவீதம், ஆதரித்தவர்கள் 45.1 சதவீதம். வென்றது 45.1! குழுவின் பரிந்துரையைத் தள்ளிவிட 60 சதவீதம் வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2011 மெல்போர்ன் மாநாட்டிலும் முடிவு மாறவில்லை. கருவேலம் இன்று வாசெல்லியா நைலோடிகா. பலர் அதை இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் பெயர் மாறிவிட்டது; முக்கியமான உலகப் பட்டியல்கள் அதைப் பின்பற்றுகின்றன. வாக்கெடுப்பு எவ்வளவு கோணலாக நடந்தாலும், பெயர் விஷயத்தில் அது செல்லுபடியாகும். பெயரிட்ட மனிதர்களே அதை மாற்றுகிறார்கள், மரத்துக்கு அதில் பங்கில்லை.

தாவரச் சமுதாயங்களின், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வளரும் தாவரக் கூட்டங்களின், கதை அப்படி முடியவில்லை.

1910இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த மூன்றாம் தாவரவியல் மாநாட்டில் ஃபிளாவோ, ஷ்ரோட்டர் என்ற இருவர் கொடுத்த வரையறை ஏற்கப்பட்டது: குறிப்பிட்ட இனச் சேர்க்கையும், ஒரே மாதிரியான தோற்றமும், ஒரே மாதிரியான வாழிடமும் கொண்ட தாவரக் கூட்டம் ஒரு ‘சங்கமம்’. தாள் மீது அழகான வரையறை. காட்டுக்குள் போனால் ஒரு சங்கமம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி பல நாட்டுத் தாவரவியலாளர்களை அழைத்துக்கொண்டு பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றினார். இப்படிச் செடியின் முன்னால் நின்று சண்டை போடுவது மண்டபத்தில் நின்று போடுவதைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

அந்தப் பயணத்தில் இருந்த அமெரிக்கர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ், தாவரச் சமுதாயத்தை ஓர் உயிரினத்தைப் போலவே பார்த்தவர். அது பிறக்கிறது, வளர்கிறது, உச்சநிலையை அடைகிறது, வெட்டி எரித்தாலும் அதே உச்சநிலைக்குத் திரும்புகிறது என்றார். 1926இல் இத்தாகாவில் கூடிய மாநாட்டில் இன்னோர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹென்றி கிளீசன் எழுந்து இதற்கு நேர் எதிரானதைச் சொன்னார். ஒவ்வொரு இனமும் தன் தேவைக்கு ஏற்ற இடத்தில் தனித்தனியே வளர்கிறது. விதை எங்கே வந்து விழுந்தது என்ற தற்செயலுக்கும் பங்கு உண்டு. நாம் சமுதாயம் என்று அழைப்பது ஓரிடத்தில் ஒரே நேரத்தில் இருக்க நேர்ந்தவற்றின் தொகுப்பு மட்டுமே. அன்று அரங்கில் வாக்கெடுத்திருந்தால் கிளீசன் படுதோல்வி அடைந்திருப்பார்.

தீர்ப்பு மலைச்சரிவிலிருந்து வந்தது. ராபர்ட் விட்டேக்கர் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் உயரம், ஈரம் என்ற இரண்டையும் அளவுகோலாக வைத்து, இடத்துக்கு இடம் மரங்களை எண்ணினார். கிளெமென்ட்ஸ் சொன்னது சரி என்றால், மலை ஏற ஏற ஒரு கூட்டம் மொத்தமாக முடிந்து அடுத்த கூட்டம் மொத்தமாகத் தொடங்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு மர இனமும் ஓர் உயரத்தில் மெல்லத் தலைகாட்டி, வேறோர் உயரத்தில் மிகுந்து, இன்னோர் உயரத்தில் தேய்ந்தது. இரண்டு இனங்களின் எல்லைகள் ஒன்றாக அமைவது அரிது. 1956இல் அவர் வெளியிட்ட அந்த வரைபடங்களில் கவிழ்த்த மணிகளைப் போல வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பின்னர் ஏரிச்சேற்றில் புதைந்த மகரந்தத்தை எண்ணியவர்களும், பனியுகம் முடிந்தபின் மரங்கள் கூட்டமாக அல்லாமல் தனித்தனி வேகத்தில், தனித்தனி வழியில் இடம்பெயர்ந்ததைக் கண்டார்கள்.

அதற்காகச் சங்கமம் என்ற சொல்லைத் தூக்கி எறியவில்லை. வானவில்லில் கோடுகள் இல்லை என்று தெரிந்தும் நாம் மஞ்சள், பச்சை என்று சொல்வதில்லையா? வரைபடம் போட, எதைக் காப்பது என்று முடிவெடுக்கப் பிரிவுகள் வேண்டும்.

மாநாடுகள் சத்தமில்லாமல் நன்றாகச் செய்த வேலை வேறொன்று: அளக்கும் முறையைப் பொதுவாக்கியது. நான்கு மூலைகளில் குச்சி நட்டுக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு இனத்தையும் எழுதி, அது நிலத்தில் எவ்வளவு பங்கை மூடியிருக்கிறது என்று குறிப்பார்கள். சுவிஸ் தாவரவியலாளர் பிரௌன்-பிளாங்கே வகுத்த அளவுகோலில் முக்கால் பங்குக்கு மேல் மூடினால் 5, பாதி முதல் முக்கால் வரை 4, இப்படி இறங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஒரு கூட்டல் குறி. கண் மதிப்பீடுதான், கரடுமுரடானதுதான். ஆனால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரிக் கரடுமுரடாக எழுதியதால், உலகெங்கும் எடுத்த 11 லட்சத்துக்கும் மேற்பட்ட சதுரங்களை ‘எஸ்-பிளாட்’ என்ற ஒரே தரவுத்தளத்தில் கோக்க முடிந்தது.

சதுரத்தின் பரப்பு ஏன் முக்கியம்? எந்தத் தாவரப்போர்வை மிகச் செழிப்பானது என்று கேட்டால் யாரும் மழைக்காடு என்பார்கள். ஒரு ஹெக்டேரை எடுத்துக்கொண்டால் அது உண்மை: ஈக்வடார் மழைக்காட்டில் ஒரே ஹெக்டேரில் 942 வாஸ்குலார் தாவர இனங்களை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சதுர மீட்டரில் பதிவான உச்ச எண்ணிக்கை 89 இனங்கள், அது அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளியில். மழைக்காட்டில் ஒரே மரத்தின் அடிப்பகுதி மட்டுமே ஒரு சதுர மீட்டரை விழுங்கிவிடும். புல்வெளிச் செடிகள் சிறியவை. அதோடு கால்நடை மேய்வதாலோ அரிவாள் படுவதாலோ எந்த ஒரு செடியும் ஓங்கி வளர்ந்து மற்றவற்றின் வெயிலை மறைக்க முடிவதில்லை. சத்துக் குறைந்த மண்ணும் இதற்குத் துணை. அப்படிப்பட்ட புல்வெளியைக் காப்பாற்றுவதாக எண்ணி வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்தால், சில ஆண்டுகளில் உயரமான நாலைந்து இனங்கள் மிஞ்சும்.

பாதுகாப்புத் தீர்மானங்களுக்கு வருவோம். 1999இல் செயின்ட் லூயிஸ் மாநாடு, அமெரிக்கத் தாவரவியலாளர் பீட்டர் ராவென் தலைமையில், அழியும் தாவரங்களுக்காக உலகு தழுவிய திட்டம் வேண்டும் என்றது. மறு ஆண்டு கிரான் கனேரியா தீவில் ஒரு சிறு குழு கூடி அதற்கு வடிவம் கொடுத்தது. 2002இல் தி ஹேக் நகரில் உயிரியற் பன்மய உடன்படிக்கை நாடுகள் 16 இலக்குகளோடு அதை ஏற்றன. தாவரவியலாளர்களின் ஒரு தீர்மானம் மூன்றே ஆண்டுகளில் அரசுகளின் ஆவணமானது சாதாரணமல்ல.

2010இல் புதுப்பித்த இலக்குகளில் ஒன்று, 2020க்குள் அழியும் நிலையில் உள்ள தாவரங்களில் 75 சதவீதத்தையாவது பூங்காக்களிலும் விதை வங்கிகளிலும் சேர்த்துவிடுவது. 2017இல் தாவரவியல் பூங்காக்களின் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது கைவசம் இருந்தது 41 சதவீதம். சேகரிப்பில் உள்ள இனங்களில் 93 சதவீதம் வட அரைக்கோளத்துப் பூங்காக்களில் இருந்தன. விடுபட்டவற்றில் பெரும்பகுதி வெப்பமண்டலத்துக்குரியவை.

இதில் அலட்சியத்துக்கும் பங்கு உண்டு, விதைக்கும் பங்கு உண்டு. விதை வங்கி என்பது விதையை நன்றாக உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் உறங்க வைக்கும் இடம். நெல், புல், பயறு வகைகள் இதைத் தாங்கும். மழைக்காட்டின் பல மரங்களின் விதைகளோ உலர்ந்தாலே செத்துவிடும். கீழே விழுந்த சில நாட்களில் ஈரமண்ணில் முளைத்துவிடவே அவை உருவானவை. அப்படியே குளிரில் வைத்தாலும் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகிச் செல்களைக் கிழித்துவிடும். மிக மோசமான அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இத்தகைய விதை கொண்டவை என்று 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றைக் காக்க விதைக்குள் இருக்கும் கருவை மட்டும் பிரித்தெடுத்துத் திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும், அதற்கான பக்குவத்தை இனத்துக்கு இனம் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மரம் நிற்கும் காட்டை நிற்க விட வேண்டும்.

அடுத்த தாவரவியல் மாநாடு 2029இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கூடுகிறது. எரித்ரினா ஆஃப்ரா இயற்கையாக வளரும் நாடு அது.