மாத்திரையின் வேகம் குறையும்போது வரும் பயம்

அடுத்த மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பார்கின்சன் நோய் உள்ள ஒருவர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, உடம்பு வியர்க்கிறது, என்னவோ நடக்கப்போகிறது என்று மனசு அடித்துக்கொள்கிறது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் இறுகிய கால் இளகுகிறது. கூடவே பயமும் வடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் "கண்டதையும் யோசிக்காதீங்க" என்கிறார்கள். அவரோ எதையும் யோசிக்கவே இல்லை.

1817-இல் இந்த நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன், புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று எழுதினார். இது உடல் அசைவு சம்பந்தப்பட்ட நோய் மட்டுமே என்ற எண்ணம் நெடுநாள் நிலைத்துவிட்டது. உண்மையில், இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றம் இருக்கிறது.

உடல் அசைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான டோபமைன் குறைவது ஒரு காரணம். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சின்னஞ்சிறு பகுதி உண்டு. விழிப்பையும் அபாய உணர்வையும் சீராக வைக்கும் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் அங்கிருந்துதான் மூளைக்குள் பரவுகிறது. மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனின் சுரக்கும் செல்களும் மூளைத்தண்டில்தான் இருக்கின்றன. பார்கின்சன் நோய் இரண்டையுமே அரிக்கிறது. அதனால்தான் சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே இனம்புரியாத பதற்றம் வந்துவிடுகிறது.

சரி, பயம் கடிகாரம் பார்த்து வருவது ஏன்? இந்நோய்க்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், மூளையில் மிச்சமிருக்கும் டோபமைன் செல்கள் அதை டோபமைனாக்கிச் சேமித்துச் சிறுகச் சிறுக விடும். அந்தச் செல்களும் குறைந்த பிறகு, ரத்தத்தில் மருந்து இறங்கினால் மூளையிலும் டோபமைன் இறங்குகிறது. கால் மட்டுமல்ல, மனசும் சேர்ந்து இறங்குகிறது.

அப்புறம் பதற்றம் நடுக்கத்தைக் கூட்டும். கூடிய நடுக்கம் பதற்றத்தைக் கூட்டும். வாசற்படி அருகே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும்போது, "சீக்கிரம் வாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், இன்னும் இறுகிவிடும். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு வாரம் மாத்திரை போட்ட நேரத்தையும் பதற்றம் வந்த நேரத்தையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மாத்திரையின் நேரத்தையோ அளவையோ அவர் மாற்றிப் பார்க்கலாம். நீங்களாக மாற்ற வேண்டாம். ஒத்துப்போகாத பதற்றமும் உண்டு. அதற்கு மனநல ஆலோசனையும் வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் பல மருத்துவர்கள் நடுக்கத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பயத்தைப் பற்றி நீங்கள்தான் பேச்சை எடுக்க வேண்டும்.