மின்சார பிரஷைத் தேய்க்காதீர்கள், வைத்துப் பிடியுங்கள்

காலையில் எழுந்ததும் கடைவாய்ப் பல்லை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நகத்தின் ஓரத்தில் வெள்ளையாக, ஈரமாவு போல ஏதோ ஒட்டியிருக்கும். பல் மருத்துவர்கள் பிளேக் என்று சொல்வது இதைத்தான். ராத்திரி சாப்பிட்டதன் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி பாக்டீரியா. 1683-இல் நெதர்லாந்துக்காரரான லேவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து இந்த வெள்ளையை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே உயிர்கள் துள்ளித் திரிந்ததை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார்.

கொப்பளித்தால் சோற்றுப் பருக்கை போய்விடும், பிளேக் போகாது. பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசைக்குள் ஒன்றோடொன்று பிணைந்து பல்லைப் பற்றியிருக்கும். உரசித்தான் பெயர்க்க வேண்டும். அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து காரையாக இறுகிவிடும். அப்புறம் பிரஷ் உதவாது, மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

சரி, மின்சார பிரஷ் இந்த உரசலை எப்படிச் செய்கிறது? ஒரு வகையில் வட்டமான சிறிய தலை வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பும். இன்னொரு வகையில் நீளத் தலை பக்கவாட்டில் அதிரும், சில மாடல்களில் நிமிடத்துக்குச் சுமார் 31,000 அசைவுகள். நம் கை எவ்வளவு வேகமாகப் போனாலும் சில நூறுதான்.

பலன் எவ்வளவு? ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட 56 சோதனைகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. சாதாரண பிரஷோடு ஒப்பிட்டால், மூன்று மாதம் வரையான பயன்பாட்டில் பிளேக் 11 சதவீதமும், மூன்று மாதத்துக்கு மேல் 21 சதவீதமும் குறைவாக இருந்தது. ஈறு வீக்கத்தில் குறைவு 6, 11 சதவீதம். சோதனைகளில் அதிகம் இடம்பெற்றது வட்டத் தலை வகை. என்னைக் கேட்டால், இது நல்ல பலன்தான், ஆனால் மாயம் இல்லை. சாதாரண பிரஷால் நிதானமாகத் துலக்குகிறவர் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

கை ஒத்துழைக்காதவர்களுக்கு நிச்சயம் சொல்வேன். 1954-இல் சுவிட்சர்லாந்தில் வந்த முதல் மின்சார பிரஷ்களில் ஒன்றான பிராக்ஸோடென்ட், கையசைவு குறைந்த நோயாளிகளையும் பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனதில் வைத்துச் செய்ததுதான்.

மூட்டுவலியால் விரல் மடங்காத என் அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் பழைய பழக்கத்தில் முன்னும் பின்னுமாக இழுத்துத் தேய்த்தார். மோட்டார் செய்கிற வேலையை நாமும் செய்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டே போகும், எந்த இடத்திலும் நிற்காது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் மெதுவாக வைத்து, பல்லுக்குப் பல் நகர்த்த வேண்டும். 28 பல், இரண்டு நிமிடம் என்றால் பல்லுக்கு நாலு நொடி. வெளிப்பக்கம் இரண்டு, உள்பக்கம் இரண்டு. அழுத்தவே கூடாது.

பிளேக்கைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரை மருந்துக்கடையில் கிடைத்தது. துலக்கி முடித்ததும் அம்மா அதை மென்று துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். முன்பக்கம் சுத்தம். பல்லிடுக்குகளில் சிவப்புக் கோடு. அங்கே எந்த பிரஷின் முடியும் சரியாக நுழையாது, இடுக்கு பிரஷோ நூலோதான் வேண்டும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் நல்ல சிவப்பு. இப்போதெல்லாம் அங்கேதான் முதலில் பிரஷை வைக்கிறார்.